அந்த ஐந்து பேருக்கும் பெயர் இருக்கிறது

நம் வாசகியர் குழுவில் ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. ஒரு கிறிஸ்தவக் காதல் நாவலைப் பற்றி நான் எழுதிய விமர்சனத்தை நீக்கிவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். "சகோதரிகளுக்கு இடறலாக இருக்கிறது" என்று ஒரு வரி பதில். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பிய குறிகள். அத்தோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். "நீங்க முன்னாடி இப்படி இல்லையே சிஸ்டர், ஜெபம் பண்ணுங்க" என்று சிலர் தனியாக அனுப்பிய செய்திகள்தான் என்னை இதை எழுத வைத்தன.

அப்படி என்ன எழுதிவிட்டேன்? நாவலின் கதை இது: 1830-களின் அமெரிக்கா, ஓரிகன் எல்லைப்புறம். ஊழியத்துக்குப் போகும் மருத்துவர், அவரோடு அதிகம் பழகாமலே அவரை மணந்துகொண்டு உடன் போகும் ஆசிரியை. மெல்ல மெல்ல வளரும் காதல், கடைசியில் மிஷன் வீட்டின் மேல் தாக்குதல். உண்மையில் வாழ்ந்த மிஷனரிகளான நார்சிசா விட்மன், மார்கஸ் விட்மன் தம்பதியை வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று சில பக்கங்களிலேயே தெரிந்துவிடும். நடை அழகாக இருக்கிறது என்று எழுதினேன். குளிர்கால அத்தியாயத்தைப் படித்து அழுதேன் என்றும் எழுதினேன். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். கதாநாயகியின் குதிரைக்குப் பெயர் இருக்கிறது. அந்த மண்ணின் சொந்தக்காரர்களான கையூஸ் பழங்குடி மக்களில் ஒருவருக்குக்கூட ஏன் பெயர் இல்லை? இந்தக் கேள்வி யாருக்கு இடறல்? எப்படி இடறல்?

இந்த வகை நாவல்களை நான் மட்டமாகப் பேசுகிறேன் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். கல்லூரிக் காலத்திலிருந்து இவைதான் என் வாசிப்பு. மற்ற காதல் நாவல்களைத் தலையணைக்கு அடியில் மறைக்க வேண்டியிருந்த வீட்டில், அட்டையில் தொப்பியும் நீள அங்கியுமாகப் பெண் நிற்கும் இந்தப் புத்தகங்களை அம்மா தானே சபை நூலகத்திலிருந்து எடுத்து வந்து கொடுப்பார். காதலும் ஜெபமும் ஒரே வீட்டுக்குள் இருக்கலாம் என்று எனக்குக் கற்றுத் தந்தவை இவை. கதாநாயகன் "உன்னை நேசிக்கிறேன்" என்று சொல்வதற்கு முந்நூறு பக்கம் ஆகும். அதற்குள் விறகு பிளந்து வைப்பான், காய்ச்சலில் கிடப்பவளுக்குக் கஞ்சி ஊட்டுவான், அவள் தூங்கிய பிறகு முழங்காலில் நிற்பான். அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கும். இன்றைக்கும் பிடிக்கும். பிடித்ததால்தான் கேட்டேன்.

உண்மைக் கதையைப் பாருங்கள், அது இந்த நாவலைவிட எவ்வளவு பெரியது என்று தெரியும். தனியாகப் போக விரும்பும் பெண்களை அனுப்ப அமெரிக்கன் மிஷன் போர்டு தயங்கியது. ஊழியத்துக்குப் போகிறவர்கள் தம்பதியாகப் போவதையே விரும்பியது. நியூயார்க் மாநிலத்துப் பெண் நார்சிசா பிரென்டிஸ், மருத்துவர் மார்கஸ் விட்மனை 1836 பிப்ரவரி 18 அன்று மணந்தார். கல்யாண உடை கறுப்பு. விடைபெறும் பாட்டைச் சபையார் தொடங்கி, அழுகையில் ஒவ்வொருவராக நிறுத்திவிட, கடைசிச் சரணத்தை மணப்பெண் மட்டும் தனியாகப் பாடி முடித்தாராம். மறுநாளே பயணம். உடன் வந்த இன்னொரு தம்பதி ஹென்றி ஸ்பால்டிங்கும் எலைசாவும். அந்த ஹென்றி முன்பு நார்சிசாவைப் பெண் கேட்டு மறுக்கப்பட்டவர் என்று சொல்வார்கள்! அந்த நான்கு பேரும் அதே வழியில் மாதக்கணக்காக ஒன்றாகப் போகிறார்கள். ஜூலை 4-ஆம் தேதி சவுத் பாஸ் கணவாயைக் கடக்கிறார்கள். வெள்ளைக்காரப் பெண்கள் ராக்கி மலைத்தொடரைக் கடந்ததாகப் பதிவாகியிருப்பது அதுதான் முதல் தடவை. ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில் வல்லா வல்லா ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது வையிலட்பு. விட்மன் தம்பதி அங்கே கையூஸ் மக்கள் நடுவில் குடியேறினார்கள். 1837 மார்ச்சில் அலிஸ் பிறந்தாள். தங்கள் மண்ணில் பிறந்தவள் என்று அவளைக் "கையூஸ் பெண்" என்றே அந்த மக்கள் அழைத்தார்கள். அதில் அவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நார்சிசாவே வீட்டுக்கு எழுதியிருக்கிறார். 1839 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. இரண்டு வயதுக் குழந்தை. மேஜைமேல் இருந்த கோப்பைகளை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ள ஆற்றுக்குப் போய்விட்டாள். தேடிப் போனவர்கள் கண்ணில் முதலில் பட்டவை ஆற்றில் கிடந்த கோப்பைகள்தான். ஒரு முதியவர், அந்த மண்ணின் மனிதர், ஆற்றில் இறங்கித் தண்ணீருக்கு அடியிலேயே நீந்திப் போனார். பெற்ற தாய் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர்தான் குழந்தையைத் தூக்கி வந்தார். இதையும் எழுதியவர் நார்சிசாதான்.

நாவலில் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அந்த முதியவர் இல்லை. கதாநாயகன் ஆற்றில் பாய்கிறான், கதாநாயகன் குழந்தையைத் தூக்குகிறான், கதாநாயகனின் தோளில் மனைவி சாய்ந்து அழுகிறாள். கையூஸ் மக்கள் தூரத்தில், மரங்களுக்கு நடுவே "மௌனமான நிழல்களாக" நிற்கிறார்கள். அந்த ஒரு பக்கத்தில்தான் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அவளைத் தங்கள் பெண் என்று சொன்ன ஜனங்கள் அவளுக்காக அழுதிருக்க மாட்டார்களா?

"கதைதானே, கற்பனை கலந்துதான் இருக்கும்" என்கிறீர்கள். கலக்கட்டும். கதாநாயகனுக்குப் பாட வரும் என்று கற்பனை செய்யட்டும், குதிரைக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கட்டும். இறந்த குழந்தையை ஆற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தவரைக் கதையிலிருந்து எடுத்துவிடுவதற்குக் கற்பனை என்று பெயர் சொல்லாதீர்கள்.

"வேதத்திலும் பெயர் இல்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே" என்று ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி, யோசித்துப் பார்த்தேன். சமாரியப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. ஆனால் யோவான் நாலாம் அதிகாரத்தில் அவள் எவ்வளவு பேசுகிறாள்! எதிர்க்கேள்வி கேட்கிறாள், குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள், ஊரையே கூட்டி வருகிறாள். இந்த நாவலில் கையூஸ் மனிதர் ஒருவர் ஒரு முழு வாக்கியம் பேசுகிற இடத்தைக் காட்டுங்கள், நான் பதிவை நீக்கிவிடுகிறேன்.

"அப்படியானால் கொலையை நியாயப்படுத்துகிறாயா?" இல்லை. 1847 நவம்பர் 29-ஆம் தேதி தொடங்கிய அந்தத் தாக்குதலில் விட்மன் தம்பதியோடு சேர்த்துப் பதின்மூன்று பேர் செத்தார்கள். வழியிலேயே பெற்றோரை இழந்து, விட்மன் தம்பதி எடுத்து வளர்த்த சேகர் (Sager) வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேர். அந்த ஏழு பேரில் இரண்டு பையன்களும் கொலையானார்கள். படிக்கும்போதே நெஞ்சு அடைக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய வாரங்களையும் படிக்க வேண்டாமா? குடியேறிகளோடு வந்த தட்டம்மை கையூஸ் குடிசைகளைக் காலி செய்துகொண்டிருந்தது. அங்கிருந்த கையூஸ் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போய்விட்டார்கள் என்கிறார்கள். மருத்துவர் மருந்து கொடுக்கிறார். வெள்ளைக்காரப் பிள்ளைகளில் பலர் எழுந்துவிடுகிறார்கள், கையூஸ் பிள்ளைகள் சாகிறார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி கொஞ்சம் இருந்தது, இவர்களுக்கு இல்லை. அதை அன்றைக்கு யார் விளக்கிச் சொல்வது? வைத்தியம் பார்த்து நோயாளி செத்தால் வைத்தியரின் உயிருக்கே ஆபத்து என்பது கையூஸ் மக்களின் வழக்கம். 1843-இலிருந்து வண்டி வண்டியாக வந்து நிலம் பிடித்தவர்கள்மேல் இருந்த கோபமும் சேர்ந்துகொண்டது. இவ்வளவும் நாவலில் ஒரே வரி: "இருளின் வல்லமைகள் எழும்பின."

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று நாவல் சொல்லவே இல்லை. அந்தக் கொலைகளுக்காக 1850 ஜூன் 3 அன்று ஓரிகன் சிட்டியில் கையூஸ் மனிதர்கள் ஐந்து பேரைத் தூக்கில் போட்டார்கள். திலோகைட், டோமஹாஸ், கியாமசும்ப்கின், இசியாஷெலக்காஸ், க்ளோக்கோமாஸ். சம்பவம் நடந்தபோது தான் ஆற்றுக்கு மேல்பக்கம் இருந்ததாகக் கியாமசும்ப்கின் கடைசிவரை சொன்னார். ஏன் சரணடைந்தீர்கள் என்று கேட்டதற்குத் திலோகைட் சொன்னதாக ஒரு பதில் பதிவாகியிருக்கிறது. கிறிஸ்து தம் ஜனங்களை இரட்சிக்க மரித்தார் என்று உங்கள் மிஷனரிகள் எங்களுக்குச் சொல்லித்தரவில்லையா, அதுபோல நாங்களும் எங்கள் ஜனங்களுக்காகச் சாகிறோம் என்றாராம். விசுவாசத்தைப் பற்றி நாவல் எழுதுகிற ஒருவர் இந்தப் பதிலைத் தாண்டி எப்படிப் போக முடிகிறது? இதை விட்டுவிட்டு எதைப் பற்றி எழுத வந்தார்?

நார்சிசாவுக்குக்கூட நியாயம் நடக்கவில்லை. உண்மையான நார்சிசா களைத்துப்போன பெண். குழந்தை போன துக்கம், மங்கிக்கொண்டே வந்த கண்பார்வை, தாய்வீட்டுக் கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பு. சமையலறையில் எந்நேரமும் ஆட்கள் வந்து நிற்பதைத் தாங்க முடியவில்லை என்று எரிச்சலோடு எழுதியிருக்கிறார். யாருக்கு ஊழியம் செய்ய வந்தாரோ அவர்களையே அவருக்குப் பிடிக்காமல் போன நாட்கள் உண்டு. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்காக என்னால் ஜெபிக்க முடியும். நாவலில் வருகிறவள் கடைசிப் பக்கம் வரை முகம் சுளிக்காமல் புன்னகைத்துக்கொண்டே இருக்கிறாள்.

இனி, என்னை மிகவும் காயப்படுத்திய கேள்வி. "மிஷனரிகள் வராவிட்டால் நீ இன்று படித்திருப்பாயா?"

படித்திருக்க மாட்டேன், அதை நான் மறுக்கவே இல்லை. விட்மன் தம்பதியை ஓரிகனுக்கு அனுப்பிய அதே அமெரிக்கன் போர்டுதான் 1816-இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834-இல் எங்கள் மதுரைக்கும் ஆட்களை அனுப்பியது. யாழ்ப்பாணத்து உடுவிலில் ஹேரியட் வின்ஸ்லோ 1824-இல் பெண்களுக்கென்று விடுதிப் பள்ளி தொடங்கினார். மதுரையில் அவர்கள் திறந்த பள்ளியில்தான் என் பாட்டி படித்தார், அம்மா படித்தார். எங்கள் குடும்பத்தில் பெண் கையெழுத்துப் போடப் பழகியது அந்த மிஷனால்தான்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய போட்டோ இருக்கிறது. நடுவில் நாற்காலியில் துரைசானி அம்மாள். பின்னால் வெள்ளைச் சேலையில், கையில் வேதப்புத்தகத்தோடு பைபிள் ஸ்திரீகள் வரிசையாக நிற்கிறார்கள். இடது ஓரத்திலிருந்து இரண்டாவதாக நிற்பவர் என் பாட்டியின் அம்மா. வெயிலில் வீடு வீடாக நடந்து, கதவு திறக்காத திண்ணைகளில் உட்கார்ந்து பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். படத்துக்குக் கீழே அச்சிட்ட வரியில் துரைசானியின் முழுப்பெயர் இருக்கிறது. மற்றவர்களுக்கு "சுதேசி உதவியாளர்கள்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். பாட்டி சொல்லித்தான் அவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்றே எங்களுக்குத் தெரியும்.

இப்போது சொல்லுங்கள் சகோதரிகளே. ஓரிகன் நாவலைப் படிக்கும்போது நீங்கள் எல்லோரும் நார்சிசாவாக உங்களை நினைத்துக்கொள்கிறீர்கள். நானும் அப்படித்தான் படித்து வளர்ந்தேன். ஆனால் நம் பாட்டிகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் இல்லை. இதே போர்டின் கடிதங்களில் நம் பாட்டிகளும் பெயர் இல்லாமல்தான் வருகிறார்கள். நம்மைப் போன்ற ஜனங்களைக் கதையில் நிழலாக நிறுத்தியதைப் பார்த்து எனக்கு வலித்தால் அது அவிசுவாசமா? "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்" என்பது ஏசாயா நாற்பத்துமூன்றில் இருக்கிற வாக்குத்தத்தம். வருஷா வருஷம் புத்தாண்டு ஆராதனையில் சீட்டெடுத்துச் சந்தோஷப்படுகிற வசனம்தானே அது? கையூஸ் மக்களுக்கு அது பொருந்தாதா?

எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னவர்களுக்கு நன்றி, உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் என் விசுவாசத்தில் குறை என்று தீர்மானிக்கும் முன்னால் ஒரு போன் செய்திருக்கலாம். இத்தனை வருஷம் ஒன்றாக உட்கார்ந்து படித்திருக்கிறோம். உங்கள் பிள்ளைகளின் திடப்படுத்தல் ஆராதனைக்கு வந்து நின்றிருக்கிறேன். ஒரு புத்தகத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதும் நான் வெளியாளாகிவிட்டேனா?

நீக்கப்பட்ட விமர்சனத்தை முழுவதுமாக முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன், ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. நாவலை வாங்கியவர்கள் தூக்கிப் போட வேண்டாம், படியுங்கள். கூடவே நார்சிசாவின் கடிதங்களையும் தேடிப் படியுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1839 ஜூன் பற்றிய கடிதத்தை முதலில் எடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் வருவேன். விமர்சனத்தை ஏன் நீக்கினீர்கள் என்று அங்கே எல்லோர் முன்னிலையிலும் கேட்பேன். ஒரு வரி பதில் எனக்குப் போதாது.