இளையோரைத் தக்கவைப்பது நம் வேலை இல்லை

கத்தோலிக்கப் பங்குகளில் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கற்றுக்கொடுக்கும் மறைக்கல்வி ஆசிரியர்கள் கூட்டம் எங்கே நடந்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டும். "உறுதிப்பூசுதல் முடிஞ்ச கையோட பிள்ளைங்க காணாமப் போயிடறாங்க, எப்படித் தக்கவைக்கிறது?" வளர்ந்த பிள்ளைகளின் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் அருளடையாளம்தான் உறுதிப்பூசுதல். கேள்வி வந்ததும் யோசனைகள் கொட்டும். இசைக்குழு, விளையாட்டுப் போட்டி, முகாம், ரீல்ஸ். எதிலும் தப்பில்லை. ஆனால் இத்தனை யோசனையிலும் பிள்ளைகள் பார்வையாளர்கள், நாம் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள். விசுவாசத்தை இன்னொருவருக்குக் கொண்டுபோகிற பொறுப்பை அவர்கள் கையில் கொடுப்போம் என்று அந்தக் கூட்டங்களில் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் விலகிப்போவதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்பது என் கட்சி.

இத்தாலியச் சிறுவர் கார்லோ அகுதிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். இப்போது எங்கு பார்த்தாலும் அவர் படம்தான். ஜீன்ஸ், ஸ்னீக்கர், முதுகுப்பை, கணினி. "உங்களை மாதிரியே ஒரு பையன்" என்று அறிமுகம் செய்கிறோம். அவர் உடுத்தியதைச் சொல்கிற அளவுக்கு, செய்ததைச் சொல்வதில்லை. 2006 அக்டோபர் 12இல் இரத்தப் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு வயது 15. அதற்குள் சிறுவர்களுக்கு மறைக்கல்வி நடத்தியிருந்தார். நற்கருணைப் புதுமைகளை, அதாவது திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாகும் அப்பத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் அற்புதங்களை, தொகுத்து இணையதளம் உருவாக்கியிருந்தார். அவருடைய அம்மா, தான் கோயில் பக்கம் அபூர்வமாகவே போனவர் என்பதை மறைக்காமல் சொல்கிறவர். மகன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரியாமல்தான் அவர் இறையியல் படிக்கப் போனார். அவர்கள் வீட்டில் வேலை பார்த்த ஓர் இந்து அன்பர், அந்தச் சிறுவனோடு பேசிப் பழகித் திருமுழுக்குப் பெற்றார். இந்த வீட்டில் விசுவாசம் பிள்ளையிடமிருந்து பெரியவர்களுக்குப் போயிருக்கிறது. எந்த போஸ்டரிலும் இந்த விஷயத்தை நான் பார்த்ததில்லை.

இது அவரோடு தொடங்கிய கதையும் இல்லை. பிரான்சில் லியோன் நகரத்துப் பெண் பவுலின் ஜரிக்கோ. 1822இல் விசுவாசப் பரப்புதல் சங்கம் உருவானபோது அவருக்கு வயது 22. கன்னியர் மடத்தில் சேர்ந்தவரும் இல்லை. பட்டு ஆலைத் தொழிலாளர்களிடம் பழகி அவர் போட்ட திட்டம் இவ்வளவுதான்: பத்துப் பேர் ஒரு குழு, ஆளுக்கு வாரம் ஒரு சல்லிக்காசு, மறைபரப்புக்காகத் தினம் ஒரு செபம். பத்துக் குழுக்கள் சேர்ந்து நூறு, நூறுகள் சேர்ந்து ஆயிரம். உலகெங்கும் மறைபரப்பு நாடுகளுக்கு உதவும் திருத்தந்தையின் கழகங்களுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. 2022இல் அவரை அருளாளராக உயர்த்தினார்கள். 1926இல் ஏற்படுத்தப்பட்டபடி அக்டோபர் கடைசிக்கு முந்தைய ஞாயிறை மறைபரப்பு ஞாயிறாகக் கொண்டாடுகிறோம். அன்று காணிக்கைக் கவரைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிற நாம், அந்தக் கவருக்குப் பின்னால் இருக்கும் 22 வயதுப் பெண்ணைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? மறைபரப்பாளர் பிரான்சிஸ் சவேரியார் 1540களில் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் இருந்தபோது எழுதிய கடிதங்களைப் படித்துப் பாருங்கள். ஊர் ஊராக நோயாளிகளுக்குச் செபிக்கக் கூப்பிடுகிறார்கள், அவருக்கு ஓட முடியவில்லை. செபங்களைக் கற்றுக்கொண்ட சிறுவர்களை அனுப்பிவைக்கிறார். அவர்களே போய், வீட்டாரைக் கூட்டி, விசுவாசப் பிரமாணம் சொல்லிச் செபிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் படிப்பு எதுவும் இல்லை. நாமோ 17 வயதுப் பிள்ளையிடம் நாற்காலி அடுக்கும் வேலையையும் ஒலிபெருக்கி பார்க்கும் வேலையையும் கொடுத்துவிட்டு, இளையோர் பங்கேற்பு என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறோம்.

ரோமிலும் இந்தத் தயக்கம் தெரிந்தது. 2018 அக்டோபரில் இளையோரைப் பற்றியே உலக ஆயர் மாமன்றம் கூடியது. இளையோரையும் அழைத்தார்கள், பேச விட்டார்கள், வாக்குரிமை மட்டும் தரவில்லை. ஆனாலும் அதற்கு அடுத்த ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'கிறிஸ்து வாழ்கிறார்' என்ற ஊக்கவுரை, இளையோர் பணியைச் செய்ய வேண்டியவர்கள் இளையோரே என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏடு சொல்லிவிட்டது, பங்குகளில்தான் இன்னும் இறங்கவில்லை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். உறுதிப்பூசுதல் முடித்த ஒரு பெண்ணை, முதல்முறை நற்கருணை வாங்கப்போகும் சிறுவர்களின் புதுநன்மை வகுப்புக்கு உதவியாகப் போட்டோம். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாய் திறக்காமலே இத்தனை வருடத்தையும் ஓட்டியவள். இரண்டாவது வாரமோ என்னவோ, வகுப்பு முடிந்து படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் பதற்றம். "மிஸ், ஒரு பொடியன் கேக்கறான், ஃபாதர் அப்பத்தை உடைக்கும்போது இயேசுவுக்கு வலிக்காதான்னு. நான் என்ன சொல்றது?"

பதில் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டை எடுத்துக் கையில் கொடுத்து, நற்கருணைப் பகுதியைப் படித்துவிட்டு வா என்றேன். அடுத்த ஞாயிறு அவள் 1377ஆம் எண்ணைத் தாளில் எழுதியே கொண்டுவந்தாள். ஒவ்வொரு துண்டிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார், அப்பத்தைப் பிட்டாலும் கிறிஸ்து பிளவுபடுவதில்லை என்கிறது அந்த எண். "இதை எட்டு வயசுக்காரனுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் மிஸ் வாரம் பூரா யோசிச்சேன்" என்றாள். எனக்கு அந்த 'வாரம் பூரா' போதும். கடைசி வரிசையில் இருந்த காலத்தில் அவள் நற்கருணையைப் பற்றி ஒரு வாரம் யோசித்திருப்பாளா? தேர்வுக்காகக்கூட யோசித்திருக்கமாட்டாள். தன்னை நம்பி ஒரு குழந்தை கேட்டதும் அது அவளுடைய கேள்வியாகிவிட்டது.

இப்படிச் சொன்னால் ஒரு மறுப்பு கட்டாயம் வரும்: "அரைகுறையாத் தெரிஞ்ச பிள்ளைங்க, தப்பாச் சொல்லிக்கொடுத்துடுவாங்களே?" சொல்லலாம்தான். அதற்குத்தானே பெரியவர்கள் பக்கத்தில் இருக்கிறோம். நம்மில் எத்தனை பேர் மூவொரு கடவுளைப் பற்றித் தப்பில்லாமல் இரண்டு நிமிடம் பேசுவோம் என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு நிஜமாகவே கடினமாகத் தோன்றுவது வேறொன்று. கொஞ்ச நாள் முன் ஒரு பையன் கேட்டான்: "என் ஃப்ரெண்ட் கிறிஸ்டியன் இல்ல மிஸ். என்னைவிட நல்லவன். அவன் நரகத்துக்குப் போவானா?" இந்த வயதுக்காரர்கள் மனதில் இருக்கும் மறைபரப்புக் கேள்வி இதுதான். 'அதெல்லாம் பெரிய விஷயம்' என்று தட்டிக்கழித்தால் அன்றே அவனை இழந்துவிடுவோம். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில் 16ஆம் எண் இதைப் பேசுகிறது. தன் குற்றமின்றிக் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாமல் இருந்தும், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின்படி வாழ முயல்கிறவர் மீட்புப் பெற முடியும். சொன்னேன். அவன் முகம் தெளிந்தது. உடனே அடுத்ததைக் கேட்டான்: "அப்போ அவன்கிட்ட எதுக்கு இயேசுவைப் பத்திப் பேசணும்?"

சரியான கேள்வி. பெரியவர்கள் பலர் வெளியே சொல்லாமல் உள்ளே வைத்திருப்பதும் இதுவே. திருத்தந்தை ஆறாம் பவுல் 1975இல் நற்செய்தி அறிவிப்பைப் பற்றி எழுதியபோது இதற்கு முகம் கொடுத்தார். நாம் அறிவிக்காவிட்டாலும் கடவுளின் இரக்கத்தால் மக்கள் வேறு வழிகளில் மீட்படையலாம். அலட்சியத்தாலோ அச்சத்தாலோ வெட்கத்தாலோ நாம் அறிவிக்காமல் விட்டால், நமக்கு மீட்பு உண்டா என்று கேட்கிறார். கேள்வி நண்பனை விட்டுவிட்டு நம் பக்கம் திரும்பிவிடுகிறது. அந்தப் பையன் வாதாடவில்லை, சும்மா தலையை ஆட்டினான். ஒப்புக்கொண்டானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். நண்பன் கேட்காதபோது திணிக்கக் கூடாது, பயமுறுத்தக் கூடாது, ஆசை காட்டக் கூடாது. இது ஊருக்குப் பயந்து சொல்கிற சமாதானம் இல்லை. 1965இல் சமயச் சுதந்திரம் பற்றிய ஏட்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கமே சொன்னது. திருச்சபை முன்வைக்கிறது, எதையும் திணிப்பதில்லை என்று இரண்டாம் ஜான் பால் 1990இல் மறைபரப்பு மடலிலேயே எழுதினார். நம்பிக்கைக்கு விளக்கம் கேட்டால் சொல்ல ஆயத்தமாய் இருங்கள், பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள் என்று பேதுருவின் முதல் கடிதத்திலேயே இருக்கிறது. ஸ்டேட்டஸில் மாற்று மதத்தைக் கேலி செய்துவிட்டு அதை நற்செய்திப் பணி என்று நினைக்கும் இளைஞர்களுக்கு இந்த வசனத்தை யாராவது அனுப்பிவைத்தால் நல்லது. சில பெரியவர்களுக்கும் அனுப்பலாம்.

இப்படியெல்லாம் செய்தால் எல்லாரும் கோயிலிலேயே இருந்துவிடுவார்களா? மாட்டார்கள். வேலை, படிப்பு, மனக்கசப்பு, நாம் கொடுத்த மோசமான முன்மாதிரி என்று ஆயிரம் காரணம் இருக்கிறது. ஆனால் ஒரு குழந்தைக்கு நற்கருணையை விளக்கப் பாடுபட்டவள் விலகிப்போனாலும், எதை விட்டுப் போகிறோம் என்று தெரிந்தே போவாள்.

பங்குத்தந்தையர் யாராவது இதைப் படித்தால் ஒரே வேண்டுகோள்தான் ஃபாதர். அடுத்த முறை பங்கின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவையை அமைக்கும்போது இருபது வயது தாண்டாத இரண்டு பேரைச் சேருங்கள். அவர்கள் பேசும்போது யாரும் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலிகளை நாங்களே அடுக்கிக்கொள்கிறோம்.