பள்ளியை மாற்றும் முன் பத்தாம் வகுப்பைப் பேசி முடியுங்கள்

ஏப்ரல், மே வந்தால் இன்பாக்ஸில் யாராவது கேட்டுவிடுவார்கள்: "பிள்ளையை மாற்றுக் கல்வி தரும் பள்ளியில் போடலாமா? உங்கள் மகள் அங்கேதானே படிக்கிறாள்?" போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் பத்தாம் வகுப்புக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைக் கணவனும் மனைவியும் முதலில் பேசி முடித்துவிடுங்கள்.

இதைத்தான் யாரும் பேசுவதில்லை. பரீட்சை இல்லை, ரேங்க் இல்லை, மரத்தடி வகுப்பு, தச்சு வேலை என்று ஆசைப்பட்டு மூன்றாவது நான்காவதில் சேர்க்கிறார்கள். பிள்ளை எட்டாவது போனதும் மாமனார் நீட் பற்றி விசாரிக்கிறார். அவ்வளவுதான், அடுத்த ஜூனில் மெட்ரிக் பள்ளி. அதுவரை ஏன், எதற்கு என்று கேட்டே வளர்ந்த பிள்ளை, ஒரு மார்க் கேள்விகளை உருப்போட உட்கார்கிறது. இந்தக் கொடுமைக்கு முதலிலிருந்தே மெட்ரிக்கில் விட்டிருக்கலாம்.

எட்டாவது வரை திரும்பி வருவது சிரமமில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்பதாவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது, அதுவும் அங்கீகாரம் இல்லாத பள்ளி என்றால். அப்போது பலருக்கும் கைகொடுப்பது என்ஐஓஎஸ், அதாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்பு எழுதலாம். ஐந்து பாடங்கள், வருஷத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு, முடிக்க ஐந்து வருஷம் அவகாசம். ஒரே மூச்சில் எழுத வேண்டிய கட்டாயமில்லை. எங்கள் வீட்டில் இதுதான் முடிவு. என் மாமியாருக்கு இன்னும் சம்மதமில்லை, அது வேறு கதை.

அரசுப் பள்ளியிலிருந்து எடுக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை விதி. பெண் பிள்ளை என்றால் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் இருக்கிறது. நடுவில் வெளியே வந்தால் இவை கைவிட்டுப் போகலாம். நான் போன மாற்றுக் கல்விக் கூட்டங்களில் இதை ஒருவரும் சொன்னதில்லை. வருபவர்களில் பாதிப் பேர் காரில் வருபவர்கள், அதனாலோ என்னவோ.

இத்தனைக்கும் இந்த மாதிரி வகுப்பறையை அரசே ஒரு காலத்தில் இலவசமாகக் கொடுத்தது. ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பார்த்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுக்கப் போனது. பிள்ளைகள் தரையில் குழுவாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, அவரவர் வேகத்தில் படித்தார்கள். எழுதிப் பார்க்கச் சுவரின் அடியில் கைக்கெட்டும் கரும்பலகை. "வாத்தியார் பாடமே நடத்துறதில்லை" என்று அப்போது குறை சொன்ன என் சொந்தக்காரர்கள் சிலர், இன்று பேரப்பிள்ளைகளுக்கு அதே மாதிரி வகுப்பறைக்குப் பணம் கட்டுகிறார்கள்.

சரி, பள்ளி பார்க்கப் போகிறீர்களா? தோட்டத்தையும் ஆட்டுக்குட்டியையும் அப்புறம் பார்க்கலாம். இங்கே முடித்த பிள்ளைகள் எந்த வாரியத்தில் தேர்வு எழுதினார்கள், அவர்களில் இரண்டு மூன்று பேரின் பெற்றோரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். மழுப்பினால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.