‘திட்டம் இருக்கும்போது உதவி எதற்கு?’ என்று கேட்டவருக்கு

ஏற்காட்டுப் பெண்ணின் நர்சிங் படிப்புக்கு உதவி கேட்டு நம் குழுவில் வந்த பதிவும், அதன் கீழே சிலர் குத்திக்காட்டி எழுதியதும், கடைசியில் அந்தத் தாய் மகளின் படத்தை எடுத்துவிடச் சொன்னதும் எல்லோரும் அறிந்தவை. அதை மறுபடி விவரிக்க எனக்கு மனமில்லை. “அரசு இத்தனை திட்டம் வைத்திருக்கும்போது ஊரில் கையேந்துவது ஏன்?” என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும், அதற்கு விருப்பக்குறி இட்டவர்களில் என் உறவினர்களும் இருக்கிறார்கள்.

திட்டங்கள் இருப்பதை நான் மறுக்கவில்லை. கல்லூரி பணம் கேட்கும் நாளில் அந்தப் பணம் வருவதில்லை என்பதே நான் சொல்ல வந்தது.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு, பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் ‘மலையாளி’ என்ற பழங்குடி மக்கள் இதற்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் பழங்குடிச் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர் தர வேண்டும். அந்தச் சான்றுக்காக மலையிறங்கி அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும். சான்று கிடைத்தாலும் விண்ணப்பம், சரிபார்ப்பு, நிதி ஒதுக்கீடு என்று அது வந்து சேர்வதற்குள் கல்லூரியின் கெடு கடந்திருக்கும். அந்தக் குடும்பத்தின் கையில் காசு புரளும் காலமோ காப்பிப் பழம் பறிக்கும் கார்த்திகை, மார்கழிதான். சேர்க்கைக் கட்டணத்தை அதற்கு முன்பே கட்டச் சொல்கிறார்கள்.

புதுமைப்பெண் திட்டத்தை ஒருவர் நினைவூட்டியிருந்தார். 2022 செப்டம்பரில் தொடங்கிய நல்ல திட்டம், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. பேருந்துக்கும் நோட்டுக்கும் அது பெரிய துணை. நான்காண்டுப் படிப்பின் முதல் தவணையை அதைக் கொண்டு கட்டிவிட முடியுமா? முதல் பட்டதாரிச் சலுகையும் கலந்தாய்வு வழியே இடம் பெற்றவர்களுக்குத்தான். வீட்டில் அண்ணன் ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் தங்கைக்கு அதுவும் இல்லை.

“வங்கிக் கடன் வாங்கலாமே” என்றவருக்கு என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் அப்பா சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்தவர். நெருப்பும் அமிலமும் பட்டுப் பட்டு அவருடைய விரல் நுனிகள் வழவழவென்று ஆகியிருந்தன. என் கல்விக் கடனுக்காக ஆதார் கைரேகை வைக்கச் சொன்னபோது அந்த இயந்திரம் அவருடைய எந்த விரலையும் ஏற்கவில்லை. வேட்டியில் துடைத்துத் துடைத்து மறுபடி வைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், “நர்ஸ் வேலைக்குப் போய் இதையெல்லாம் எப்பம்மா அடைப்பே?” என்று கேட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது, நான் படித்தேன், சேலத்திலேயே செவிலியராக இருக்கிறேன். அந்த அடகுக் கடனை அடைத்தும் விட்டேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

நான்கு லட்சம் வரையான கல்விக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்குப் படிக்கும் காலத்து வட்டியை ஒன்றிய அரசே ஏற்கும் மானியம் 2009-10 முதல் இருக்கிறது. நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளையும் அது சேர்த்துக்கொள்கிறது. விதி இப்படியிருந்தும், கூலி வேலைக்காரர் பிள்ளையோடு போய் நின்றால் முதலில் கேட்பது “ஜாமீன் யார்?” என்பதைத்தான்.

அரசுக் கல்லூரியில் சேர்ந்திருக்கலாமே என்பது நியாயமான கேள்விதான். இடம் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? இடங்கள் குறைவு, அவ்வளவுதான். ஆனால் “படித்து முடித்ததும் வெளிநாட்டுக்குப் பறந்துவிடுவார்கள், நாம் ஏன் கொடுக்க வேண்டும்?” என்று எழுதியவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவை அடுத்து அமைந்த நிபுணர் குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. நம் ஊரில் எத்தனை மருத்துவமனைகள் அதைக் கொடுக்கின்றன என்று அவரே விசாரித்துப் பார்க்கட்டும். உங்கள் தாயாருக்கு இரவெல்லாம் மருந்தேற்றி, புரட்டிப் படுக்க வைத்து, மலம் துடைக்கும் பெண் உள்ளூரிலேயே இருக்க வேண்டும். ஆனால் அவள் படிப்பதற்கு ஊர் பத்து ரூபாய் தரக் கூடாது. இப்படிப் பேச எப்படி மனம் வருகிறது? தன் பிள்ளையைப் படிக்க வைக்கக் கேட்ட ஒரு தாயை, தவறு செய்தவளைப் போலத் தலைகுனிய வைத்துவிட்டீர்கள். என் அப்பா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குனிந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அந்தத் தாயிடம் பேசிவிட்டேன். படம் இல்லாமல், பெயர் இல்லாமல், கல்லூரியின் கட்டணக் கணக்குக்கே நேராகப் பணம் போகும்படி பதிவை மீண்டும் இடச் சம்மதித்திருக்கிறார். உதவித்தொகை வந்ததும் அந்த அளவு பணத்தை அடுத்த பிள்ளையின் கட்டணத்துக்குத் தருவதாக அவரே சொன்னார், நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை நான் அவர்களோடு வங்கிக்குப் போகிறேன். கடன் இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குவோம். சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், வருமானச் சான்று எல்லாம் தயார். பத்திர வேலையும் வங்கி நடைமுறையும் தெரிந்த யாராவது உடன் வர முடிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.