பிளக் உருகினால் குற்றவாளி என் வீட்டுச் சுவரா?

மின்சாரக் காரை விற்கும்போது கம்பெனிக்காரர்கள் என்ன சொன்னார்கள்? "வீட்ல இருக்கிற சாதாரண பிளக் பாயின்ட்டே போதும் சார். ராத்திரி மாட்டிட்டுத் தூங்குங்க, காலைல ஃபுல் சார்ஜ்." இப்போது, கேபிளைத் திரும்பப் பெற்று மாற்றித் தருகிறோம் என்று வந்திருக்கும் ரீகால் கடிதத்தில் பேச்சே வேறு. சார்ஜிங் கேபிளின் பிளக் சூடாகலாமாம், உருகலாமாம், தீப்பிடிக்கவும் கூடுமாம். ஏனாம்? "பழுதான, தேய்ந்துபோன சாக்கெட்டில் செருகியிருந்தால்." ஆக, தப்பு என் வீட்டுச் சுவர் மேல்!

ஏனய்யா, வீட்டுச் சாக்கெட் பழசாகத்தான் இருக்கும். கார் வாங்குகிறவன் எல்லாம் கூடவே புது வீடும் கட்டிக்கொண்டா வருவான்? சாதாரண சாக்கெட்டுக்கு என்றே ஒரு கேபிளைக் கொடுத்துவிட்டு, சாக்கெட் சாதாரணமாக இருக்கிறது என்று குறை சொல்வது என்ன நியாயம்?

இதில் கண்டுபிடிக்க முடியாத மர்மம் எதுவும் இல்லை. சாக்கெட்டுக்குள் பிளக் பின்னைக் கவ்விப் பிடிக்கும் உலோகப் பிடி நாளாக ஆகத் தளரும். தொடும் இடத்தில் மின்சாரம் பாய்வதற்கான தடை கூடும். 12 ஆம்பியர் ஓடுகிற இடத்தில் அரை ஓம் தடை இருந்தால் 72 வாட் சூடு. பிளக்குக்குள் ஒரு சால்டரிங் அயர்னை ஆன் பண்ணி வைத்த மாதிரி. சூட்டில் பிடி இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும். கெட்டில் சில நிமிஷத்தில் அணைந்துவிடுவதால் அதே சாக்கெட்டில் இது தெரியவே தெரியாது. கார் விடிய விடிய இழுக்கிறதே!

எம்.சி.பி. (மின்னோட்டம் அளவை மீறினால் தானாக விழும் சுவிட்ச்) காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் கவனிக்க: அது விழாது. மின்னோட்டம் அளவை மீறவில்லை, அப்புறம் எதற்கு விழும்? கேபிள் நடுவில் தொங்கும் அந்தப் பெட்டி மின்கசிவு வந்தால் துண்டிக்கும், சரி. பிளக் முனை கொதிப்பது அதற்கு எப்படித் தெரியும்? முனையில் ஒரு வெப்ப சென்சார் வைத்திருந்தால்தான் தெரியும். காரின் விலைக்கு முன்னால் அந்தச் சென்சாரின் விலை ஒரு விலையா?

இவர்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2014-லேயே டெஸ்லா 29,222 மாடல் எஸ் கார்களுக்கு ரீகால் அறிவித்து, சுவர் பிளக் அடாப்டரை வெப்ப ஃபியூஸ் வைத்து மாற்றிக் கொடுத்தது. மென்பொருள் வழியாக, சந்தேகம் வந்தால் மின்னோட்டத்தைக் கால்வாசி குறைக்கவும் ஏற்பாடு செய்தது. 2018-இல் ஃபோர்டு வட அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்ட 120 வோல்ட் கேபிள்களைத் திரும்பப் பெற்றது. அங்கேயும் பழைய சாக்கெட் என்ற அதே பல்லவிதான், ஆனால் மாற்றாகக் கொடுத்த கேபிளில் சூட்டைப் பார்த்து சார்ஜை நிறுத்தும் தெர்மிஸ்டர் இருந்தது. பக்கத்துக் கம்பெனிக்கு நடந்ததைப் படிக்கக்கூட இவர்களுக்கு நேரமில்லையா?

கடிதத்தில் உபதேசத்துக்கு மட்டும் குறைவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சாக்கெட்டைச் சோதி (செலவு யாருடையது?), எக்ஸ்டென்ஷன் போடாதே, மாற்றுக் கேபிள் வரும்வரை பொது சார்ஜிங் நிலையத்துக்குப் போ. வரும்வரை என்றால் எதுவரை? தேதியே இல்லை.

போன் செய்தால், "உங்க சாக்கெட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க" என்கிறார்கள். கேபிளின் போட்டோவை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை! அனுப்பப் போவதில்லை. பிளக்கில் ஏன் சென்சார் வைக்கவில்லை என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். முதலில் அதற்குப் பதில் வரட்டும்.