1812 போர் மாலுமிகளுக்காகவா நடந்தது?

சுதந்திரம் வாங்கி முப்பது வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் அமெரிக்கா மறுபடியும் பிரிட்டனோடு மோதியது. 1812 ஜூன் 18-ல் அதிபர் ஜேம்ஸ் மேடிசன் போர்ப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். முதலில் சொல்லப்பட்ட காரணம், மாலுமிகள்.

அது பொய்க் காரணம் இல்லை. நெப்போலியனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆள் போதவில்லை. நடுக்கடலில் அமெரிக்கக் கப்பல்களை நிறுத்தி, "இவன் எங்களை விட்டு ஓடிப்போனவன்" என்று சொல்லி ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்படிப் போனவர்கள் 6,000-க்கும் மேல் என்று அமெரிக்க அரசு கணக்குச் சொன்னது. 1807-ல் செசபீக் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலையே சுட்டு, நான்கு பேரை இழுத்துப் போனார்கள். எந்த நாட்டுக்கும் ரத்தம் கொதிக்கும்தான்.

ஆனால் நாடாளுமன்றத்தில் யார் எப்படி வாக்களித்தார்கள் என்று பாருங்கள். கீழவையில் 79-க்கு 49. கப்பல்களும் மாலுமிகளும் நிறைந்த மசாசூசெட்ஸ், கனெக்டிகட், நியூயார்க் உறுப்பினர்களில் பெரும்பாலோர் போர் வேண்டாம் என்றார்கள். கடலே இல்லாத கென்டக்கியிலும் டென்னசியிலும் வாக்களித்த அத்தனை பேரும் போர் வேண்டும் என்றார்கள்! பருத்தியும் புகையிலையும் விற்க வழியில்லாமல் தெற்கத்தியர்கள் கடுப்பில் இருந்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனாலும் என் கணிப்பில் பெரிய இழுவிசை நிலம்தான். மேற்கே ஷாவ்னி இனத் தலைவர் டெக்கும்சே பல பூர்வகுடிகளை ஒன்றுசேர்த்து, இனி நிலம் விற்கக் கூடாது என்று நின்றார். அவருக்குப் பின்னால் பிரிட்டன் இருப்பதாகக் குடியேறிகள் நம்பினார்கள். பிரிட்டன் வசமிருந்த கனடாவைப் பிடித்தால் எல்லாம் தீரும், அதுவும் நடந்து போனாலே போதும் என்பது முன்னாள் அதிபர் ஜெஃபர்சனின் கணக்கு.

நடந்து போனார்கள். ஆகஸ்டிலேயே டெட்ராய்ட் கோட்டையைக் கிட்டத்தட்ட சண்டையே போடாமல் பிரிட்டனிடம் ஒப்படைத்தார் தளபதி ஹல். 1813-ல் அமெரிக்கப் படை யார்க் நகரில் (இன்றைய டொரன்டோ) புகுந்து அரசுக் கட்டடங்களைக் கொளுத்தியது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷார் வாஷிங்டனுக்கு வந்து வெள்ளை மாளிகையைக் கொளுத்தினார்கள். கடலிலும் ஏரிகளிலும் அமெரிக்கர்கள் சில நல்ல வெற்றிகள் பெற்றார்கள். மற்றபடி இரண்டு தரப்புக்கும் இழுபறிதான்.

1814 டிசம்பர் 24-ல் கெண்ட் நகரில் (இன்றைய பெல்ஜியம்) ஒப்பந்தம். எல்லைகள் பழையபடியே. மாலுமிகளைப் பிடிப்பது பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது! நெப்போலியன் வீழ்ந்த பிறகு ஆள் பிடிக்கும் தேவையே போய்விட்டது என்பார்கள். சரி, ஆனால் அதற்காகத்தான் போர் என்றால் ஒரு வாக்குறுதியாவது கேட்டு வாங்கியிருக்க வேண்டாமா? கனடா தப்பித்தது, பிரிட்டனுக்குப் பெரிய நஷ்டமில்லை. நியூ ஆர்லியன்ஸ் வெற்றியை வைத்து அமெரிக்காவும் ஜெயித்ததாகக் கொண்டாடியது. அந்தச் சண்டை நடந்ததே ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, 1815 ஜனவரியில்.

தோற்றவர்கள் பூர்வகுடிகள். டெக்கும்சே 1813 அக்டோபரில் கனடாவின் தேம்ஸ் ஆற்றுச் சண்டையில் கொல்லப்பட்டார், கூட்டணி சிதறியது. 1811-ல் அவர்களுக்கு இருந்த உரிமைகளைத் திருப்பித் தருவதாக ஒப்பந்தத்தின் 9-வது பிரிவு சொன்னது. அது ஏட்டோடு சரி. தெற்கே அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் கிரீக் என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து சுமார் 2.3 கோடி ஏக்கரை எழுதி வாங்கியிருந்தார், தனக்குத் துணையாகச் சண்டை போட்ட கிரீக்குகளின் நிலத்தையும் சேர்த்து. 1830-ல் அதே ஜாக்சன்தான், அதிபராக, பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் கையெழுத்திட்டார்.