"அரை மணி நேரத்துல சொல்றேன்"னு சொல்லியே ஒரு நாளைத் தின்னுட்டான்

ஏழு தடவை. காலைல எட்டரைல இருந்து மத்தியானம் ஒன்னே முக்கால் வரைக்கும் அந்தப் படகு ஏஜென்ட் "அரை மணி நேரத்துல கன்ஃபார்ம் பண்றேன்"னு ஏழு தடவை சொன்னான், போன்ல கால் லிஸ்ட் அப்படியே இருக்கு, இப்பப் பார்த்தாலும் வயிறு எரியுது.

மழை மேல எனக்குக் கோபமே கிடையாது. அக்டோபர் கடைசியில கிரீஸ்ல இருக்கற சாண்டோரினி தீவுக்குப் போனா மழை வரலாம்னு தெரிஞ்சுதான் டிக்கெட் போட்டோம். அன்னிக்குக் காத்து ஜன்னலைப் பிச்சு எறியற மாதிரி அடிக்குது, நாங்க தங்கியிருந்த ஃபிரா ஊர்ல தெருப் படியெல்லாம் வாய்க்கா மாதிரி தண்ணி ஓடுது, நாங்க போக வேண்டியது நேயா கமேனி எரிமலைத் தீவுக்கு. காத்து அளவுக்கு மேல போனா துறைமுக அதிகாரிங்க படகு விடவே கூடாதுன்னு தடை போட்டுருவாங்க, அபகோரெஃப்டிகோன்னு அதுக்கு அங்க பேரே இருக்கு. முந்தின நாள் ராத்திரியே ரிசப்ஷன் பொண்ணு "நாளைக்குப் படகு கஷ்டம்தான்"னு சொல்லுச்சு. ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணுக்குத் தெரிஞ்சது படகு விடறவனுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். அவன் கேன்சல் பண்ணா காசத் திருப்பித் தரணும், நாமளா அலுத்துப்போய் வேணாம்னு எழுந்து போயிட்டா தர வேணாம், அவ்வளவுதான் கணக்கு.

எட்டரைக்கு வேன் வரல. ஒன்பதுக்கு போன் பண்ணா அரை மணி நேரம்னான். ஒன்பதரைக்கும் அதேதான். பத்தே காலுக்கு இவரு பண்ணாரு, "நாங்க பக்கத்துல இருக்கற மியூசியத்துக்குப் போயிட்டு ஓடி வந்துடறோம், நடந்தா அஞ்சு நிமிஷம்தான்"னு கெஞ்சாத குறையாக் கேட்டாரு. "வேன் எப்ப வேணா வரும், நீங்க இல்லேன்னா எங்க பொறுப்பில்ல"ன்னுட்டான். நகரவும் விடல, கிளம்பவும் விடல. பதினொண்ணுக்கு ஒரு தடவை, பதினொன்னே முக்காலுக்கு ஒரு தடவை, இப்படியே ஒன்னே முக்காலுக்குக் கடைசியா எடுத்து "இன்னிக்குப் படகு இல்ல, நாளைக்கு வாங்க, ரீஃபண்ட் கிடையாது"ன்னான். நாளைக்குக் காலைல நாங்க ஊருக்குக் கிளம்பறோம், அது புக்கிங்லயே இருக்கு!

அம்மா அந்த நீல ரெயின்கோட்டக் கழட்டவே இல்ல. வேன் வந்தா டக்குனு ஏறணுமே, நம்மளால மத்தவங்களுக்கு லேட் ஆகக் கூடாதேன்னு தொப்பியோட, பையை மடியில வச்சுக்கிட்டு, வாசலையே பார்த்துக்கிட்டு அஞ்சு மணி நேரத்துக்கு மேல உக்காந்திருந்தாங்க. அதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

மழை நாள்ல சாண்டோரினியில பார்க்க ஒண்ணுமே இல்லேன்னா கூட மனசு ஆறும். அக்ரோத்திரி இருக்கு. 1967-ல தோண்ட ஆரம்பிச்ச ஊரு, சுமார் 3,600 வருஷத்துக்கு முன்னாடி எரிமலைச் சாம்பல்ல புதைஞ்சது, ரெண்டு மாடி மூணு மாடி வீடு, தெரு, கழிவுநீர்க் கால்வாய், ஆளுயர ஜாடின்னு அப்படியே நிக்குது. மொத்தத்துக்கும் மேல கூரை போட்டிருக்காங்க, எவ்வளவு மழை கொட்டினாலும் நனையாம சுத்தலாம். அம்மா ஊர்ல இருக்கும்போதே படிச்சுட்டு வந்திருந்தாங்க. அங்க மனுஷ எலும்புக்கூடு ஒண்ணு கூடக் கிடைக்கலையாம், ஜனங்க முன்னாடியே கிளம்பிட்டாங்கன்னு சொல்றாங்க. நிலம் நடுங்கினதை வச்சே ஆபத்து வருதுன்னு புரிஞ்சு ஊரையே காலி பண்ணிட்டுப் போயிருக்காங்க! கையில போன் நிறைய வானிலை அறிக்கையை வச்சுக்கிட்டு இவனுக்கு ஒத்த வார்த்தை சொல்ல முடியல.

மழையில டாக்ஸியும் கிடைக்கல, பஸ் பிடிச்சு அக்ரோத்திரி போய்ச் சேர்ந்தா டிக்கெட் கவுன்ட்டர் மூடிட்டாங்க. திரும்ப ஃபிரா வந்தா மியூசியமும் மூடியாச்சு. அக்ரோத்திரில கிடைச்ச நீலக் குரங்கு ஓவியமும், அங்கயே ஒரு பெட்டிக்குள்ள இருந்து கிடைச்ச குட்டித் தங்க ஆடும் அந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கு, நாங்க நனைஞ்சுக்கிட்டு வெளிக் கதவைப் பார்த்துட்டு வந்தோம். காலைல ஒன்பது மணிக்கு "இல்ல"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டையும் ஆற அமரப் பார்த்து முடிச்சிருப்போம். நீங்களும் எங்கேயாவது இந்த "இதோ வந்துடும்"ல மாட்டியிருப்பீங்க, உங்களுக்கு நான் விளக்கவே வேணாம்.

அன்னிக்கு உருப்படியா நடந்தது ஒண்ணுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கடைல சூடா ஃபாவா குடுத்தாங்க, மஞ்சப் பருப்பை வெண்ணெய் மாதிரி மசிச்சு, ஆலிவ் எண்ணெய் ஊத்தி, மேல பச்சை வெங்காயம் தூவி. அம்மா ஒரு வாய் வச்சுட்டு "நம்ம பருப்பு மசியல்டி"ன்னு சொன்னப்பதான் அவங்க மூஞ்சில சிரிப்பையே பார்த்தேன். கூடவே தக்காளி வடை மாதிரி ஒண்ணு, ரெண்டு தட்டு காலி.

ஆனா சாப்பிட்டுட்டு ரூமுக்கு ஏறணுமே, அந்தப் படி! உலகமே வந்து குவியற ஊரு, மழையில பாசி பிடிச்ச மாதிரி வழுக்குது, எழுபத்தோரு படிக்கு ஒரு கைப்பிடி கிடையாது. முட்டி வலிக்காரங்க எதைப் பிடிச்சுக்கிட்டு ஏறுவாங்க? ஒரு பக்கம் இவரு, ஒரு பக்கம் நானு, நடுவுல அம்மா, ஒவ்வொரு படியா நின்னு நின்னு ஏறினோம். ஒரு இரும்புக் குழாய் நட்டு வைக்க என்னய்யா செலவாகப் போகுது?