குழுவின் தலைவர் யார்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் நேற்று என் தம்பி மகன் பெருமையாகச் சொன்னான்: "எங்கள் நிறுவனத்தில் நெறிமுறைக் குழு அமைத்துவிட்டார்கள் அத்தை. இனி யாரும் லஞ்சத்துக்குக் கை நீட்ட முடியாது." அவன் சேர்ந்திருப்பது ஒரு பொதுச்சேவை நிறுவனம். அப்படி ஒன்றில், வேறு மாநிலத்தில், இருபத்திரண்டு ஆண்டுகள் முகப்பிடத்தில் வேலை பார்த்தவள் நான். அவன் மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

தோட்டத்து லயத்திலிருந்து தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிமாறிய பாட்டி ஒருவர் ஒருநாள் வந்தார். தண்ணீர் மீட்டர் பொருத்த 300 வெள்ளி (ரிங்கிட்) காப்பிக்காசு, அதாவது லஞ்சம், கேட்டார்களாம். பால்வெட்டிச் சேர்த்த பணம். சுருக்குப்பையை என் முன்னால் அவிழ்த்துக் காட்டினார்.

எங்கள் கிளையிலும் குழு இருந்தது. எழுதிக் கொடுத்தேன். நான்காம் நாள் அந்தத் தொழில்நுட்பர் என்னிடமே வந்து, "அக்கா, என்மேல் எழுதிக் கொடுத்தீர்களாமே" என்றார். குரலை உயர்த்தவில்லை. அன்றிரவு நான் தூங்கவில்லை. குழுத் தலைவர் கிளை மேலாளர். செயலாளர் அவருடைய கிராணி, அதாவது எழுத்தர். பாட்டிக்கு மீட்டர் வர ஏழு வாரம் ஆனது. அதுவரை பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து வாளியில் சுமந்தார்.

தோட்டத்து ஊர்களில் ஒரே கோயில் திருவிழா, ஒரே கல்யாண வீடு. கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஆகவே கிளைக்குள் புகார் உறையைப் பிரிக்கவே கூடாது; அது நேராக இயக்குநர் வாரியத்துக்குப் போகட்டும். வேறு கிளையினர், தொழிற்சங்கத்தினர், வெளியார் ஒருவர் என்று குழு அமையட்டும். அப்போதுதான் யார் எந்தக் குத்தகையாளரின் மைத்துனர், யார் வீட்டுக்கு எவ்வளவு பெரிய தீபாவளிக்கூடை வந்தது என்று கூச்சமில்லாமல் கேட்க முடியும். குற்றம் நடக்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நிறுவனத்தின் ஆதாயத்துக்காக அதைச் சேர்ந்தவர் லஞ்சம் கொடுத்தால் நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். போதிய தடுப்பு ஏற்பாடுகள் இருந்ததாகக் காட்டினால் தப்பலாம். பல நிறுவனங்கள் ஏற்பாடுகளுக்கு அவசரப்பட்டது இதனால்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பிரிவு லஞ்சம் கொடுப்பதைப் பற்றியது. பாட்டியிடம் கேட்ட 300 வெள்ளி அதற்குள் வராது.

இன்னொன்றையும் அவனிடம் சொன்னேன். 2010ஆம் ஆண்டுத் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் ஊழல் தடுப்பு ஆணையம் போன்ற அமலாக்கத் துறையிடம் சொல்பவரைத்தான் காக்கிறது. உள்குழுவிடம் மட்டும் சொன்னவருக்கு அந்தக் கவசம் இல்லை. அன்று எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் ஆணையத்தின் வாசலுக்கே போயிருப்பேன்.

உங்கள் குழுவின் தலைவர் யார் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன்.